பள்ளிவாசல் அண்டாவும் வீட்டு அடுப்பும்

இராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளியைச் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், ஓசூர்த் தொழிற்சாலைகளின் ஷிப்டு நேரத்துக்கு ஏற்பவே பல வீடுகள் உறங்கி எழுகின்றன. ரமலானில் ஸஹரும் இஃப்தாரும் அக்கணக்கோடு சேர்ந்துகொள்ள, அடுப்பு அணைவதே அரிதாகிறது. அவ்வடுப்பின் முன் நிற்பவரும் நோன்பாளியே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நாவில் உப்புப் பாராமல், கைப்பழக்கம் ஒன்றையே நம்பி அவர் சமைக்கிறார்.

ஆடவர்க்குச் சமைக்கத் தெரியாது என்பார் பள்ளிவாசலின் பின்கட்டைப் பார்த்ததில்லை போலும்! அஸருக்கு முன்பே பேரண்டாவில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் கொதிக்க, அகப்பையைத் துழாவுவோர் ஆடவரே. அந்நோன்புக் கஞ்சிக்குத் தமிழக அரசு 2001 முதல் அரிசி வழங்கி வருகிறது. தூக்குவாளியில் அது வீடு வந்து சேர்கையில் இல்லத்தரசியின் சுமை ஓரளவு குறைகிறது. ஆனால் அகப்பை பிடித்த அதே கை, வீட்டில் ஒரு கோப்பையைக்கூடக் கழுவ நாணுவது ஏன்?

நபிகள் நாயகம் (ஸல்) இல்லத்தில் குடும்பத்தார்க்குப் பணிவிடை செய்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. இதை மேடையில் முழங்குவோர் பலர். வீட்டில் நினைவுகூர்வோர் சிலரே.

பெருநாளன்றும் அவ்வாறே. ஷீர் குர்மாவுக்குப் பால் காய்ச்சிப் பேரீச்சை நறுக்குவோர், எல்லாரும் உண்டபின் கடைசியாகவே அமர்கின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் ஒருநாளேனும் தாயை எழுப்பாது தாமே ஸஹர் சமைக்கட்டும். சோறு சற்றுக் குழைந்தாலும் அவர் பொறுத்துக்கொள்வார்.