மூன்றெழுத்து வைத்தியம்

கொல்கத்தாவில் சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனை எங்கே என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு அது 'பி.ஜி.' வெள்ளைக்காரர் காலத்து பிரசிடென்ஸி ஜெனரலின் மிச்சம்.

கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் உள்ளே வரும் நோயாளிக்கு? சாலையில் அடிபட்டு வந்தால் அவர் 'ஆர்.டி.ஏ.' மூச்சுத் திணறல் 'எஸ்.ஓ.பி.' ஆங்கிலத்தில் இது வசவும்கூட. கேஸ் ஷீட்டை எட்டிப் பார்க்கும் மைத்துனர் சண்டைக்கு வராமல் இருந்தால் சரி. 'பி.ஐ.டி.' என்பது மருந்துச் சீட்டில் தினம் இரு வேளை. எமர்ஜென்ஸி ரிஜிஸ்தரிலோ, கொண்டுவரும்போதே உயிரில்லை. டாக்டர் பேச்சை மீறி வீட்டுக்குக் கிளம்புகிறவர் இந்தியா முழுக்க 'லாமா.' திபெத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மேற்கு வங்கத்தில் அவரே 'டி.ஓ.ஆர்.பி.': என்ன நேர்ந்தாலும் பொறுப்பு எனதே என்று பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறவர்.

இந்தக் குசும்பு உலகப் பொதுவானது. 1978இல் வெளிவந்த 'தி ஹவுஸ் ஆஃப் காட்' என்ற அமெரிக்க நாவல், 'என் எமர்ஜென்ஸியை விட்டு வெளியே போ' என்பதன் முதலெழுத்துகளால் முதிய நோயாளிகளுக்கு 'கோமர்' என்று பெயர் சூட்டியது. பிரிட்டனில் ஆடம் ஃபாக்ஸ் என்ற டாக்டர் 2003இல் இப்படிப்பட்ட சொற்களைத் தொகுத்தார். வழக்குக்குப் பயந்து டாக்டர்கள் இவற்றை எழுதுவதைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர் கணிப்பு. இங்கேயும் 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்த பிறகு பேனாவுக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

ஆனால் கொல்கத்தாவில் நோயாளியை நடுங்க வைக்கும் வார்த்தை சுருக்கெழுத்தே அல்ல. 'பெட் காலி இல்லை.' 1992 ஜூலை 8ஆம் தேதி இரவு மதுராபூர் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்து, மூளையில் ரத்தக் கசிவோடு கிடந்த விவசாயத் தொழிலாளி ஒருவருக்கு விடிய விடியக் கிடைத்த வைத்தியம் அதுதான். என்.ஆர்.எஸ்., மெடிக்கல் காலேஜ், நேஷனல் எங்கும் படுக்கை இல்லை. சம்புநாத் பண்டிட்டில் அதற்கான வசதி இல்லை. மறுநாள் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய சங்கமான பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி உச்ச நீதிமன்றம்வரை போனது. அவசர சிகிச்சை மறுப்பு உயிர் வாழும் உரிமையின் மீறல் என்று 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 25,000 ரூபாய். எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று உடனே சொல்லும் மையத் தகவல் ஏற்பாடும் வேண்டும் என்றது தீர்ப்பு.

2024 அக்டோபரில் கொல்கத்தாவில் உண்ணாவிரதமிருந்த ஜூனியர் டாக்டர்களின் கோரிக்கைப் பட்டியலிலும் அதே ஏற்பாடு இருந்தது.