புல்லுருவியின் சார்பில் ஒரு வழக்கு

உழைப்பின்றிப் பிறர் பொருளில் உண்டு திரிவானை நம்மவர் புல்லுருவி என்று இகழ்வர். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இவ்வசை தாராளமாக வழங்குகின்றது. இகழப்படும் மனிதரைக் குறித்து யாம் ஒன்றும் கூறப் புகுந்திலேம். உவமையாக்கப்பட்ட செடியின் சார்பிலேயே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

முதற்கண் ஓர் ஓரவஞ்சனையைச் சுட்டுதல் வேண்டும். புல்லுருவியைத் தூற்றும் நாவே சந்தனத்தைப் போற்றுகின்றது. அச்சந்தன மரமோ தன் வேர்களால் அயல் மரங்களின் வேர்களைத் துளைத்து உறிஞ்சும் ஒட்டுண்ணியாம். 1871-ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் என்பார் இதனை வெளியிட்டார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்துத் தாவர நூலாராயிருந்த பார்பர் துரை, 1906-ஆம் ஆண்டு தொடங்கி, அவ்வேர்களின் உறிஞ்சுறுப்புக்களை நுணுகி ஆராய்ந்து எழுதினார். இன்றும் சந்தனக் கன்று வளர்ப்போர் அதனருகே துவரை முதலியவற்றை நட்டே வளர்க்கின்றனர். சந்தனம், புல்லுருவி இரண்டும் பச்சிலை உடையன. நீரும் உப்புக்களும் பிறரிடம் கொண்டு, ஒளியின் துணையால் உணவைத் தாமும் சமைப்பன. தாவர நூலார் இரண்டையும் ஒரே பெருங்குலத்திற் சேர்த்து, அதற்குச் சந்தனத்தின் பெயரையே இட்டுள்ளனர். மண்ணுக்குள் நிகழும் களவு கண்ணிற்படாமையால் ஒன்று சான்றோர் பெயர் பெற்றது. மற்றது கிளைமேல் வெளிப்படையாய் அமர்ந்து கெட்ட பெயர் பெற்றது.

நிற்க. ஒட்டுண்ணிகள் சோம்பலாற் சீரழிந்த செடிகள் என்பது கற்றோரும் கூறும் குற்றச்சாட்டு. இதற்கு மரபணு நூலிற் சான்று இல்லாமலில்லை. அமெரிக்காவில் பீச்சு மரவேர்களில் வாழும் எபிஃபேகஸ் என்னும் செடியின் பசுங்கணிக மரபுத்தொகுதி 1992-ஆம் ஆண்டில் முற்றும் படிக்கப்பட்டது. புகையிலையில் ஏறத்தாழ 1,56,000 இணைகள் கொண்ட அத்தொகுதி, இதில் 70,028 இணைகளாகக் குறுகியிருந்தது. ஒளிச்சேர்க்கைக்குரிய மரபணுக்கள் ஒழிந்திருந்தன. தண்டும் இலையும் அற்று, மலர்மட்டும் வெளியே தோன்றும் சாப்ரியாவோ, பிற பூச்செடிகளிற் பொதுவாயுள்ள மரபணுக்களுள் நூற்றுக்கு நாற்பத்துநான்கை இழந்தது என்று 2021-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இழப்பு மெய்யே. ஆயினும் இழந்ததை மட்டும் எண்ணிப் பெற்றதை எண்ணாது விடுங் கணக்கு எவ்வகைக் கணக்கு?

சோளக்கொல்லைகளிற் காணும் சுடுமல்லியை எடுத்துக்கொள்வோம். அதன் விதை தூசியினும் பெரிதன்று. முளைத்தபின் சில நாட்களுக்குள் ஒரு வேரைப் பற்றாவிடின் மடிந்தொழியும். ஆதலால் வேர் அருகிலுள்ளதென்று உறுதிப்பட்டாலன்றி அது முளைப்பதில்லை. ஆண்டுகள் பல மண்ணிற் காத்துக் கிடக்கும். அவ்வுறுதி அதற்கு எங்ஙனம் கிடைக்கின்றது? பருத்தி வேரின் கசிவிலிருந்து ஸ்ட்ரைகால் என்னும் பொருள் 1966-ஆம் ஆண்டில் பிரித்தறியப்பட்டது. விதையை எழுப்பும் குரல் அதுவே. தன் பகைவனைத் தானே விளிக்கும் பேதைமை வேருக்கு ஏன் என்பது நாற்பதாண்டு விடுகதையாய் நின்றது. 2005-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. உப்புக்களை ஊட்டும் நட்புப் பூஞ்சையை அழைக்கவே வேர் அவ்வகைப் பொருளைக் கசிகின்றது, சுடுமல்லி ஒட்டுக்கேட்கின்றது! கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியாகிய அரபிடாப்சிசில் ஒன்றேயுள்ள ஒருவகை உணர்புரதம், ஆப்பிரிக்கச் சுடுமல்லியிற் பதினொன்றாய்ப் பெருகி, அவற்றுட் சில அக்குரலை மிக நுண்ணிய அளவிலும் உணர்கின்றன என்று 2015-ஆம் ஆண்டில் விளங்கிற்று. செவியைப் பன்மடங்காக்கிக்கொண்ட உயிரைச் சீரழிந்தது என்பது எமக்கு உடன்பாடன்று.

இது சொல்லைப் பற்றிய வீண்வாதம் என்று சிலர் கருதலாம். ஆப்பிரிக்காவின் ஏழை உழவனுக்கு இது சோற்றைப் பற்றிய வழக்கு. சுடுமல்லி வெளியே தலைகாட்டு முன்னரே வேரிற் கேடு விளைத்து முடிக்கின்றது. பின்னர்ப் பிடுங்கிப் பயன் என்னை? எதியோப்பியாவிற் பிறந்த கெபிசா எஜேட்டா என்னும் அறிஞர் அச்செடியை வெறுத்து ஒதுக்காது, அது எதைக் கேட்கின்றது என்று பொறுமையுடன் ஆராய்ந்தார். அதற்கு இடங்கொடாத சோள வகைகளை உண்டாக்கி, 2009-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். அவ்வெதிர்ப்பாற்றலின் மூலம் ஒரு மரபணுவின் இழப்பே என்பது 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனால் வேரின் கசிபொருள் வடிவு சிறிது மாற, சுடுமல்லி விதை முளைப்பது பெரிதும் குறைகின்றது. இழப்பு இங்கே சோளத்துக்கு ஆக்கமாயிற்று என்பதை மாணவர் கவனிப்பாராக.

இனி, நம் புல்லுருவிக்கே மீள்வோம். அதன் மலரில் தேன்சிட்டு உண்ணும். அதன் கனியைப் பூக்கொத்தி உண்டு விதையை அடுத்த கிளையிற் சேர்க்கும். ஆஸ்திரேலியாவில் வாட்சன் என்னும் ஆராய்ச்சியாளர் சில காட்டுத் துண்டுகளிலிருந்து புல்லுருவியினத்தை அறவே நீக்கிப் பார்த்தார். மூன்றாண்டில் அங்குப் பறவை வகைகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்பது 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு. மாந்தோப்பு உடையார் தம் மரத்தைக் காக்கப் பற்றிய கிளையைத் தரித்தால் யாம் தடை சொல்லோம். அது அவர் வயிற்றுப்பாடு. சாலையோரத்து மரங்களிலும் கல்லூரி வளாகங்களிலும், பார்வைக்கு அழகில்லை என்ற ஒரே காரணத்தால் அதனை அரிவாள்கொண்டு துடைத்தெறிவதையே மறுக்கின்றோம்.