கேட்காமல் ஃபார்மட் செய்யலாமா?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4’ என்று ஒரு வரி சற்று நேரம் நின்றுவிட்டு, பிறகு விண்டோஸ் வருகிறதா? வைரஸ் என்று பயப்பட வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன்பே நெட்வொர்க்கில் ஒரு சர்வரைத் தேடுகிறது, அவ்வளவுதான். அலுவலகத்தில் ஓடிய கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

பிஎக்ஸ்இ என்பது 1990களின் இறுதியில் இன்டெல் கொண்டுவந்த முறை. நூறு கம்ப்யூட்டர் உள்ள லேபில் சிடியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது அல்லவா? நெட்வொர்க் கார்டு சர்வரிடம் ஐபி முகவரி கேட்கும். முகவரியோடு, எந்த ஃபைலை ஏற்ற வேண்டும் என்றும் பதில் வரும். அது தானியங்கி இன்ஸ்டால் புரோகிராமாக இருந்தால் டிஸ்க்கை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் புதிதாகப் போடும். முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் வம்பு. பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்தால் மறுபடியும் சர்வர், மறுபடியும் ஃபார்மட்!

விண்டோஸ் 2000 சர்வரிலேயே இதற்குத் தடுப்பு இருந்தது: எஃப்12 கீயை அழுத்தினால்தான் நெட்வொர்க் பூட் தொடரும். ஆனால் நூறு கீபோர்டில் யார் போய் அழுத்துவது என்று அதை எடுத்துவிடவும் வழி வைத்திருந்தார்கள். லினக்ஸ் உலகின் காப்ளர் சாஃப்ட்வேரில் உள்ள முறை எனக்கு மிகவும் பிடித்தது. இன்ஸ்டால் முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரே சர்வருக்குத் தகவல் சொல்லி, தனக்கான நெட்வொர்க் பூட் அனுமதியை நிறுத்திவிடும். ஒரு அனுமதிக்கு ஒரே ஒரு இன்ஸ்டால்.

அறிமுகமில்லாத கம்ப்யூட்டர் கேட்டால் ‘உன் ஹார்ட் டிஸ்க்குக்கே போ’ என்பதுதான் சர்வரின் பதிலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மேக் முகவரியையும் பதிவு செய்வது பெரிய வேலை என்பார்கள் நிர்வாகிகள். இருக்கட்டுமே! கல்லூரி லேபில் ஒரு மாணவர் தன் லேப்டாப்பில் கேபிளைச் செருகி ஆன் செய்தால், அவருடைய புராஜெக்ட்டும் போட்டோக்களும் போய்விடக் கூடாது. 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 இன்ஸ்டால் கட்டளை தவறுதலாக எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் போய்விட்டது. அங்கே காரணம் பூட் வரிசை அல்ல. ஆனாலும் கேட்காமல் அழித்ததன் விளைவு ஒன்றுதான். கட்டளையை அனுப்பிய சர்வரே ஃபார்மட் ஆகிவிட்டது!

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் கீயை (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். பூட் பகுதியில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ அல்லது ஹார்ட் டிஸ்க்கை முதலில் வையுங்கள். நெட்வொர்க் பூட்டை ‘டிஸேபிள்’ செய்து சேவ் செய்யுங்கள். என்றைக்காவது பென் டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டுமானால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் பூட் மெனுவில் தேர்ந்தெடுத்தால் போதும். டெல்லில் அதற்கு எஃப்12, ஹெச்பியில் எஃப்9.