அகழாய்வுக்கும் ஒரு கெடு வேண்டும்

கதிரடிக்கும்போது கண்ணில் தெறித்த ஓர் உமி போதும். நான்கைந்து நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்து, பார்வை மங்கத் தொடங்கிவிடும். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் உழவர்களையும் கூலித் தொழிலாளர்களையும் தேடிவந்து தாக்கும் நோய். மதுரை மாவட்டத்தில் லட்சம் பேரில் 113 பேருக்கு ஆண்டுதோறும் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் வட்டாரத்தில் பதிவானதைப் போல் இது பத்து மடங்கு.

இந்த நோய்க்கு எந்த மருந்தை விடுவது? நேட்டமைசின் பழைய சொட்டு மருந்து. வோரிகோனசோல் பின்னால் வந்த புதிய மருந்து. அதுவே சிறந்ததாக இருக்கும் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். நம்பிக்கையை அப்படியே விட்டுவிடாமல், அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தன. கடைசி நோயாளி சேர்க்கப்பட்டது 2011 டிசம்பரில். முடிவு அச்சில் வந்தது 2013இல். பழைய நேட்டமைசினே மேல் என்பதுதான் அந்த முடிவு. குறிப்பாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு. நாட்டுப்புறத்துக் கண்களில் இருந்து கிடைத்த அந்த விடை இன்று உலகம் முழுவதும் மருத்துவர்களின் கையில் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு இதே கூட்டணி இன்னொரு முடிவை வெளியிட்டது. பாக்டீரியாவால் வரும் கருவிழிப் புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீராய்டு சொட்டையும் சேர்த்தால் பார்வை கூடுதலாகத் தேறுமா என்று 500 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பலன் இல்லை என்று தெரிந்தது. ஏமாற்றமான அந்த விடையும் மறைக்கப்படாமல் வெளிவந்தது.

அதே தமிழ்நாட்டில், வைகையிலிருந்து தெற்கே தாமிரபரணிக் கரைக்குப் போனால் கதை வேறு. ஆதிச்சநல்லூரில் இந்தியத் தொல்லியல் துறை 2004, 2005ஆம் ஆண்டுகளில் அகழாய்வு செய்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. குழிகள் மூடப்பட்டன, அறிக்கை வரவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டு, நீதிபதிகள் கேள்வி கேட்ட பிறகே காரியம் நகர்ந்தது. காலக் கணிப்புக்காக மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 905, கி.மு. 696 என்ற இரண்டு தேதிகள் 2019இல் தெரியவந்தன. கண் சொட்டு மருந்துக்கு ஒன்றரை ஆண்டில் கிடைத்த விடை, தாழிக்குக் கிடைக்கப் பதினான்கு ஆண்டு பிடித்தது.

இது தனியொரு விபத்து அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை நடந்த அகழாய்வின் அறிக்கை 1994இல்தான் நூலாக வந்தது. முதல் மண்வெட்டி விழுந்தபோது பிறந்த குழந்தைக்கு அறிக்கை கைக்கு வரும்போது முப்பத்தொரு வயது ஆகியிருக்கும்.

தொல்லியல் என்றாலே தாமதம்தான் என்று சமாதானம் சொல்ல இடமில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியது 1945இல். விரிவான அறிக்கை 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வெளிவந்தது 1946இல். கணினி இல்லை, கரிமக் காலக்கணிப்பு இல்லை. போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த அறிக்கை முழுக்கச் சரியானதும் இல்லை. அரிக்கமேட்டின் தொடக்கத்தை ரோமானிய வணிகத்தோடு நெருக்கமாக முடிச்சுப் போட்டுவிட்டார் வீலர். பின்னாளில் விமலா பெக்லி அதே தரவுகளை மறுபடி படித்து 1983இல் கேள்வி எழுப்பினார். 1989 முதல் 1992 வரை மீண்டும் தோண்டி, அந்த ஊர் ரோமானியர் வருகைக்கு முந்தையது என்று காட்டினார். வீலர் தம் குறிப்புகளை அலமாரியில் பூட்டியிருந்தால் அவருடைய பிழையும் சேர்ந்தே பூட்டப்பட்டிருக்கும்.

மருத்துவ ஆய்வாளர்கள் யோக்கியர்கள், தொல்லியலாளர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். மருத்துவத்திலும் பாதகமான முடிவுகளை மூடி மறைத்த வரலாறு நீண்டது. அந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது விதிதான். முன்கூட்டியே பதிவு செய்யாத மருந்துச் சோதனையின் முடிவை அச்சிட மாட்டோம் என்று உலகின் முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2004இல் அறிவித்தார்கள். இந்தியாவில் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு 2007இல் திறக்கப்பட்டது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயமானது. இன்று எந்தச் சோதனை எங்கே நடக்கிறது, எத்தனை பேரிடம், எந்தக் கேள்விக்காக என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். முடிவு வராவிட்டால் 'என்ன ஆயிற்று?' என்று கேட்கலாம்.

அகழாய்வுக்கு இப்படி ஒரு பொதுப் பதிவேடு வேண்டும் என்பதே நம் வாதம். சொல்லப்போனால் மருத்துவத்தைவிடத் தொல்லியலுக்கே அது அவசரம். மருந்துச் சோதனையைத் தேவைப்பட்டால் வேறோர் ஊரில் மறுபடி நடத்தலாம். அகழாய்வுக் குழியை இரண்டாம் முறை தோண்ட முடியாது. ஒவ்வொரு மண் அடுக்கையும் அகற்றித்தான் அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்கிறார்கள். பானையோட்டையும் மணியையும் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் அவை கிடந்தன என்பது குறிப்பேட்டில் மட்டுமே மிஞ்சும். குறிப்பேடு வெளிவராமல் அதை எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டால், தோண்டியதற்குப் பதில் தோண்டாமலே விட்டிருக்கலாம். மண்ணாவது பத்திரமாக வைத்திருந்திருக்கும்.

எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆயிரக்கணக்கான ஓடுகளை வகைபிரித்து, எலும்பையும் மகரந்தத்தையும் வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பி, முடிவுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கக் காலம் பிடிக்கும். அவசரப்பட்டால் அரைகுறைத் தேதிகள் அரசியல் மேடையில் முழக்கமாகிவிடும் என்ற அச்சமும் பொய்யில்லை. ஆனால் முழக்கத்துக்கு மாற்று மௌனம் அன்று, தரவு. முழு அறிக்கை தயாராகும்வரை அடுக்கு வரைபடங்களையும் பொருள் பட்டியலையும் ஆய்வகச் சான்றிதழ்களையும் அப்படியே வெளியிடுவதில் என்ன தடை?

கீழடி இதற்கு நல்ல உரைகல். மாநிலத் தொல்லியல் துறை 2018இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வு பற்றி 2019 செப்டம்பரிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல் வந்தது. அது சிறு நூல்தான். முழு அறிக்கைக்கு ஈடாகாது. ஆனாலும் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற கணிப்பை ஏற்பவரும் மறுப்பவரும் வைத்து வாதிட ஓர் ஆவணம் கிடைத்தது. முதல் இரண்டு கட்டங்களை 2014 முதல் 2016 வரை நடத்திய இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா, 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் துறையிடம் ஒப்படைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2025 மே மாதம் திருத்தம் கேட்டு அது அவரிடமே திருப்பி அனுப்பப்பட்டது. அவரோ செய்தது சரியே என்று நிற்கிறார்.

யார் சொல்வது சரி என்று தலையங்கம் எழுதித் தீர்க்க முடியாது. அறிக்கை பொதுவெளியில் இருந்தால் உலகின் எந்த அறிஞரும் தீர்ப்புச் சொல்லலாம். வல்லுநர்களுக்கு ஐயம் இருந்தால் அந்த ஐயங்களையும் அதே நூலின் பின்னிணைப்பாக அச்சிடட்டும். வீலருக்குப் பெக்லி கிடைத்ததுபோல, கீழடிக்கும் ஒரு மறுப்பாளர் கிடைக்கட்டும். அவர் படிப்பதற்கு முதலில் ஏதாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா?

பணம் இல்லை என்ற பேச்சும் எடுபடாது. உலகின் ஆய்விதழ்களை இந்தியக் கல்வி நிறுவனங்கள் படிப்பதற்காக, 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் கீழ் மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கியிருக்கிறது மத்திய அரசு. வரவேற்க வேண்டிய திட்டம். அடுத்தவர் ஆய்வைப் படிக்க இவ்வளவு செலவிடும் நாடு, தன் மண்ணில் தன் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைத் தன் மக்களுக்குக் காட்டத் தயங்குவது வேடிக்கை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. நாட்டில் யார் தோண்டுவதானாலும் அனுமதி தருவது இந்தியத் தொல்லியல் துறையே. எனவே மூன்று நிபந்தனைகளை அந்த அனுமதியிலேயே சேர்த்துவிடலாம். தோண்டும் முன் கேள்வி, இடம், பொறுப்பாளர் ஆகியவை பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். பருவம் முடிந்த ஓராண்டுக்குள் மூலத் தரவுகளும், மூன்றாண்டுக்குள் முழு அறிக்கையும் இணையத்தில் இலவசமாக வர வேண்டும். கெடு தவறினால், தோண்டிய நிறுவனம் எதுவானாலும், அறிக்கை வரும்வரை புதிய அனுமதி கிடையாது. துறை தன் சொந்த அகழாய்வுகளில் இருந்தே இதைத் தொடங்க வேண்டும். மாநில அரசும் தனக்கு இதே கெடுவை விதித்துக்கொள்ள வேண்டும்.

கூடவே ஒன்று: பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வுக்கும், அது தாழி பற்றியதானாலும் கண் பற்றியதானாலும், நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாகட்டும். கண்ணைக் கொடுத்துச் சோதனையில் சேர்ந்த உழவருக்கும், அகழாய்வுக்கு நிலத்தைக் கொடுத்த ஊராருக்கும் முடிவை அவர்கள் மொழியில் சொல்வது கடமை.

அடுத்த பருவத்துக்கான அகழாய்வு அனுமதிக் கடிதங்கள் தயாராகும்போது, தோண்டத் தொடங்கும் நாளுக்குக் கீழே அறிக்கை வெளியாகும் நாளையும் தொல்லியல் துறை எழுதித் தரட்டும்.