கன்சல்டிங் வேலை: ஆசையாகச் சேர்பவர்கள் சில ஆண்டுகளில் விலகுவது ஏன்?

ஐஐஎம் போன்ற பெரிய மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் வளாக நேர்காணல் தொடங்கினால், முதல் வரிசையில் வந்து நிற்பவை கன்சல்டிங் நிறுவனங்கள்தான். மெக்கின்சி, பிசிஜி, பெயின் ஆகிய மூன்று பெயர்களுக்காக மாதக்கணக்கில் தயாராகும் மாணவர்கள் உண்டு. ஆனால், இப்படி முட்டி மோதி உள்ளே போகிறவர்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். “அவ்ளோ பெரிய வேலையை எதுக்குப்பா விட்டான்?” என்று சொந்தக்காரர்கள் வீட்டில் கேட்பார்கள். விலகியவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தமா? பெரும்பாலும் இல்லை. இந்தத் தொழில் கட்டப்பட்டிருக்கும் விதமே அப்படி.

அப்படி என்ன வேலை?

ஒரு சோப்பு கம்பெனியின் விற்பனை சரிகிறது. ஒரு வங்கி இன்னொரு வங்கியை வாங்கலாமா என்று யோசிக்கிறது. ஒரு அரசுத் துறை தன் செலவைக் குறைக்க வேண்டும். இப்படியான நேரத்தில் வெளியிலிருந்து ஒரு குழுவைக் கூப்பிடுவார்கள். அந்தக் குழு சில வாரங்களோ சில மாதங்களோ அங்கேயே உட்கார்ந்து, தரவுகளைத் திரட்டி, ஊழியர்களிடம் பேசி, கணக்குப் போட்டு, ‘இதைச் செய்யுங்கள், இதை விடுங்கள்’ என்று அறிக்கை கொடுக்கும். அதற்குப் பெரிய தொகை கட்டணமாக வாங்கும். 1926-ல் சிகாகோவில் மெக்கின்சி தொடங்கப்பட்டது. பிசிஜி 1963-லும் பெயின் 1973-லும் பாஸ்டனில் பிறந்தன.

ஏன் போட்டி போட்டுச் சேர்கிறார்கள்?

முதல் காரணம் பணம். முன்னணி ஐஐஎம்களில் இரண்டு ஆண்டுப் படிப்புக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் ஆகிறது. கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளைக்கு, அதைச் சீக்கிரம் அடைக்க வழி காட்டும் சம்பளம் பெரிய விஷயம்.

இரண்டாவது, கற்றுக்கொள்ளும் வேகம். ஒரே ஆண்டில் சிமென்ட் ஆலை, மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் என்று மூன்று உலகங்களைப் பார்த்துவிடலாம். 25 வயதில் ஒரு கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி இருக்கும் அறையில் உட்கார இடம் கிடைக்கிறது.

மூன்றாவது காரணத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை. என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாது என்பதுதான் அது. நன்றாகப் படிக்கிற பிள்ளை பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நுழைவுத்தேர்வு என்று அடுத்தடுத்த படியை மட்டுமே பார்த்து வளர்கிறது. படி முடிந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று குழப்பம். கன்சல்டிங் அந்த முடிவை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட உதவுகிறது. ‘எந்தக் கதவும் மூடப்படாது’ என்ற நிம்மதியையும் தருகிறது.

அந்த நிம்மதியில் நியாயம் இருக்கிறது. சென்னையில் பிறந்த இந்திரா நூயி 1980-ல் பிசிஜியில் சேர்ந்து, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மோட்டரோலாவுக்குப் போனார். பின்னாளில் பெப்சிகோவின் தலைவரானார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2004-ல் கூகுளில் சேர்வதற்கு முன்பு மெக்கின்சியில் இருந்தார். சொமேட்டோவை ஆரம்பித்த இருவரும் பெயினில் வேலை பார்த்தவர்கள். மூன்று கதைகளிலும் கவனிக்க வேண்டியது, இவர்கள் கன்சல்டிங்கை விட்ட பிறகுதான் நமக்குத் தெரியவந்தார்கள்.

பிறகு ஏன் விலகுகிறார்கள்?

உடம்பும் குடும்பமும் முதலில் நினைவுக்கு வரும். வேலை வாடிக்கையாளரின் ஊரில் நடக்கும். திங்கள் காலை விமானம், வியாழன் இரவு திரும்புவது என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன வாழ்க்கை. நள்ளிரவு தாண்டியும் வேலை ஓடும். கல்யாணம், குழந்தை, பெற்றோரின் உடல்நலம் என்று வரும்போது பலருக்கு இது தாங்காது. இந்தச் சுமை பெண்கள் மீதுதான் கூடுதலாக விழுகிறது.

அடுத்தது, ஒரு மனக்குறை. யோசனை சொல்லலாம், ஆனால் அது நடந்ததா, பலித்ததா என்று பார்க்க நேரம் இருக்காது. அதற்குள் அடுத்த வாடிக்கையாளர். ‘சொல்லிக்கிட்டே இருக்கோம், எதையும் கட்டி முடிச்சதா தெரியலையே’ என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் வந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது நிறுவனங்களின் சொந்தக் கணக்கு. ஒரு பங்குதாரருக்குக் கீழே பல இளைஞர்கள் வேலை செய்தால்தான் லாபம். பிரமிடு மாதிரி: அடி அகலம், உச்சி குறுகல். எல்லோரும் மேலே போக இடமே கிடையாது. அதனால்தான் ‘மேலே ஏறு, இல்லையென்றால் வெளியேறு’ என்ற விதியைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குள் பதவி உயர்வு வரவில்லை என்றால், வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லி நாகரிகமாகச் சொல்லிவிடுவார்கள்.

வெளியேறினால் நிறுவனத்துக்கு நஷ்டமா?

இல்லை, லாபம். வெளியே போனவர் ஒரு வங்கியிலோ ஆலையிலோ உயர் பதவியில் உட்காருகிறார். அங்கே ஒரு சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவார்? தனக்குத் தெரிந்த பழைய நிறுவனத்தைத்தான். முன்னாள் ஊழியர்களுக்கென்று இந்த நிறுவனங்கள் தனி வலையமைப்பை வைத்துப் பேணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது என்ன மாற்றம்?

கொரோனா காலத்துக்குப் பிறகு ஏராளமாக ஆள் எடுத்த நிறுவனங்கள், 2023-ல் வேகத்தைக் குறைத்தன. அந்த ஆண்டில் மெக்கின்சி சுமார் 1,400 பணியிடங்களைக் குறைத்தது. அதே ஆண்டில் ‘லில்லி’ என்ற தனது செயற்கை நுண்ணறிவுக் கருவியையும் அறிமுகம் செய்தது. தரவு தேடுவது, சுருக்கம் எழுதுவது, படக்காட்சி தயாரிப்பது என்று புதிதாகச் சேர்பவர்கள் செய்துவந்த வேலைகளில் கணிசமான பகுதியை இத்தகைய கருவிகள் இப்போது செய்கின்றன. பிரமிடின் அடிப்பகுதி குறுகினால், ‘முதலில் சேர்ந்துவிடுவோம், மற்றதைப் பிறகு யோசிப்போம்’ என்ற வழியும் குறுகும்.

யார் எதைக் கவனிக்க வேண்டும்?

சேரும் மாணவர்கள், இது பெரும்பாலானோருக்குச் சில ஆண்டு வேலைதான் என்று தெரிந்தே சேர வேண்டும். என்ன கற்றுக்கொள்ள வந்தோம், கடன் எப்போது அடையும், எந்தத் துறை பிடித்திருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது தனக்குத் தானே கணக்குப் பார்க்க வேண்டும். பழகிவிட்ட சம்பளத்துக்கு ஏற்ப வீட்டுக் கடனையும் கார் கடனையும் ஏற்றிக்கொண்டால், விலக வேண்டிய நேரத்தில் விலக முடியாது.

கல்வி நிறுவனங்கள் முதல் ஆண்டுச் சம்பளத்தைப் பெரிதாக விளம்பரம் செய்கின்றன. மூன்று ஆண்டு கழித்து அந்த மாணவர் எங்கே இருக்கிறார் என்பதையும் சொல்வதுதான் நேர்மை. நிறுவனங்களும் தங்கள் வெளியேற்ற விதியை நேர்காணல் அறையிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிய பெயர் கொண்ட கம்பெனியை விட்டு வந்த பிள்ளையிடம் “ஏன் விட்டே?” என்று கேட்பதைவிட, “அடுத்து என்ன பண்ணப்போறே?” என்று கேட்பது அந்தப் பிள்ளைக்கு உதவும்.