லட்டும் ஓர் ஊசியும்

திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர். சந்திரகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். பின் சீட்டில் என் தங்கையின் பேத்தி, ஆறு வயது, மலையில் வாங்கிய லட்டை விண்டு விண்டு தின்றுகொண்டு வந்தாள். "பாட்டி, நாக்கு அரிக்குது" என்றாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிஷத்தில் வாந்தி. உதடு வீங்கிவிட்டது. கழுத்திலும் வயிற்றிலும் தடிப்பு தடிப்பாகக் கிளம்பியது. கண்ணாடியில் பார்த்த டிரைவர்தான் முதலில் பதறினார்: "பாப்ப மொகம் சூடண்டி, சார்!" அதற்குள் குழந்தையின் மூச்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

சாலையோரத்தில் ஒரு சின்ன கிளினிக். அலர்ஜிதான் என்று சொல்லி ஏவில் ஊசி போட்டார்கள். "அரை மணி பார்க்கலாம்" என்றார்கள். பார்க்க முடியவில்லை. குழந்தை துவண்டுவிட்டாள். உள் அறையிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்தார். படிப்பை முடித்து வருஷம் இரண்டு ஆகியிருந்தால் அதிகம். ஒரு நிமிஷம் பார்த்தார். சின்ன ஆம்பூல் ஒன்றை உடைத்து, தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தினார். அட்ரினலின். பத்து நிமிஷத்தில் குழந்தை வீறிட்டு அழுதாள். குழந்தை அழுவதைக் கேட்டுக் குடும்பமே சிரித்தது அன்றைக்குத்தான். போன வேகத்தில் மறுபடி திரும்பக்கூடிய கோளாறு இது என்பதால், அன்றிரவு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. என் தங்கைக்கு இரட்டை வேதனை. பெருமாள் பிரசாதம் குழந்தைக்கு ஆகவில்லை என்று வாயால் சொல்லவே அவளுக்குக் கூசியது. "நாமதான் ஏதோ வேண்டுதல் பாக்கி வெச்சிருக்கோம்" என்றாள். மாப்பிள்ளை நெய்யைச் சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, கடலை மாவு கரப்பான் பண்டம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

திருமலை லட்டில் என்னென்ன போடுகிறார்கள் என்பது ரகசியமில்லை. கடலை மாவு, நெய், சர்க்கரை, முந்திரி, உலர்ந்த திராட்சை, கற்கண்டு, ஏலக்காய். எது எவ்வளவு என்பதற்கு 'திட்டம்' என்றே ஒரு கணக்கு உண்டு. 2009இல் புவிசார் குறியீடும் வாங்கிய பண்டம். ஒவ்வாமை டாக்டர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் மூன்று இடத்தில் கோடு போடுவார்: கடலை மாவு, பால், முந்திரி. மூன்றும் பெயர் போன புள்ளிகள். கடலை அலர்ஜி மேல்நாட்டுப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத சமாசாரம். நம் நாட்டில் அது முக்கியமானது என்று மும்பை டாக்டர்கள் 2001இல் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்கள். ஆகவே பெரியம்மாவின் சந்தேகம் அபத்தமில்லை. ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு.

சித்தூர்ப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு பாஷை. தமிழில் 'சேராது' என்போம், தெலுங்கில் 'படது' என்பார்கள். கத்தரிக்காய் தின்றால் அரிப்பு, அது சேராது. பால் குடித்தால் வயிறு உப்புசம், அதுவும் சேராது. முந்திரி தின்றால் மூச்சே நின்றுபோகும், அதற்கும் அதே வார்த்தைதான். இப்போது மூன்றுக்கும் சேர்த்து 'அலர்ஜி' என்று நாகரிகமாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறோம். குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்கே. அதற்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை 1966இல் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியத் தம்பதி இஷிசாகா. உடம்பின் காவல்காரன் விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து ஊரையே எழுப்பிவிடுவதுதான் அலர்ஜி. பால் குடித்தால் வயிறு உப்புவது பெரும்பாலும் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாத கோளாறு. அதில் காவல்காரனுக்கு வேலையே இல்லை. உயிருக்கும் ஆபத்து இல்லை.

குழந்தையின் அப்பா படித்தவர். அதனால் ஒரு லேபாரட்டரி விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தார். ஒரு குழாய் ரத்தம், கூடவே சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நூற்றுச் சொச்சம் உணவுகளுக்கு அலர்ஜி ரிப்போர்ட் தருவார்களாம். கலர் கலராக வந்தது. சிவப்பு நிறத்தில் முப்பத்தோரு பண்டங்கள். அரிசி, பால், புளி, கத்தரிக்காய், வேர்க்கடலை, கடலை, தக்காளி... சித்தூரில் பிறந்த குழந்தை வேர்க்கடலையும் அரிசியும் தின்னாமல் காற்றையா சாப்பிடும்? நாலு மாதம் பத்தியம் காத்தார்கள். குழந்தை இரண்டு கிலோ இளைத்தாள். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறந்தநாள் வீடுகளுக்குப் போவது நின்றது.

அந்த ரிப்போர்ட் அளந்தது ஐஜிஇ அல்ல, ஐஜிஜி. அது நாம் வழக்கமாகச் சாப்பிடும் பொருள்களுக்கு எல்லார் ரத்தத்திலும் இருக்கக்கூடியது. 'இதைச் சாப்பிட்டிருக்கிறாய்' என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் 2008இலேயே அறிக்கை விட்டாயிற்று. வியாபாரம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, ஐஜிஇ டெஸ்ட்டே எடுத்தாலும் முடிவு கிடைத்துவிடுமா? அதற்குப் பதில் பக்கத்து மாநிலத்தில் கிடைத்தது. பெங்களூர், மைசூர்ப் பகுதியில் பெரியவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு, 2016இல் வெளிவந்தது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வி கேட்டு, அவர்களில் சில நூறு பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவிகிதம். ஐரோப்பாவைவிட அதிகம். ஆனால் சாப்பிட்டால் தொந்தரவும் வந்து, டெஸ்ட்டும் ஒத்துப்போய், உணவு அலர்ஜி என்று கருதத் தக்கவர்கள் 1.2 சதவிகிதம்தான். டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் நாலில் ஒருவருக்குப் பத்தியம் எழுதவேண்டியிருக்கும். உண்மையில் தேவைப்படுவது நூற்றில் ஒருவருக்கு!

ஆகவே உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க முதல் கருவி ரத்தமும் இல்லை, ஊசியும் இல்லை. கதை. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆயிற்று, அதற்கு முன்னால் அதே பண்டத்தைச் சாப்பிட்டபோது என்ன நடந்தது? நல்ல டாக்டர் இதற்கே அரை மணி செலவழிப்பார். பிறகு சந்தேகமான பண்டங்களுக்கு மட்டும் தோல் பரிசோதனை: ஒரு சொட்டு மருந்து, அதன் மேல் லேசாக ஒரு குத்து, கால் மணியில் கொசுக்கடி மாதிரி தடிக்கிறதா என்று பார்ப்பது. அப்புறமும் சந்தேகம் இருந்தால் கடைசி நீதிமன்றம், சாப்பிட வைத்தே பார்ப்பது. ஆஸ்பத்திரியில், அட்ரினலினைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, கடுகளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வீட்டில் செய்து பார்க்கிற காரியம் அல்ல.

எங்கள் குழந்தைக்கும் ஒருவழியாக அது நடந்தது. விசாரித்தபோது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது: லட்டுக்கு முன்னால் எத்தனையோ தடவை பஜ்ஜி தின்றிருக்கிறாள், நெய்ச் சோறு தின்றிருக்கிறாள். முந்திரிப் பருப்பு போட்ட பாயசம் குடித்த அன்று மட்டும் வாயைச் சுற்றிச் சிவந்தது. தோல் பரிசோதனையில் முந்திரிக்குப் பெரிய தடிப்பு. கடலையும் பாலும் ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டுப் பார்த்து ஜெயித்தாள். முப்பத்தோரு பண்டங்களின் சிறையிலிருந்து முப்பதுக்கு விடுதலை. பாக்கி ஒன்று, முந்திரி. அதற்கு நெருங்கிய சொந்தமான பிஸ்தாவும் கூடாது என்றார்கள்.

"அப்போ மாம்பழம்?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. சித்தூர் மாவட்டம் மாம்பழக் கூழுக்குப் பேர் போனது. மாவும் முந்திரியும் தாவர சாஸ்திரத்தில் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டுப் பறிப்பவர்களின் கை வெந்து கொப்பளிப்பதைத் தோப்புகளில் பார்த்திருக்கிறோம். அது வேறு ரகம்: தோலில் பட்டு, ஓரிரு நாள் கழித்து வருவது. முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோர் மாம்பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். எங்கள் குழந்தையும் சாப்பிடுகிறாள்.

அலர்ஜியைத் தீர்க்க மருந்து உண்டா? முழுதாகத் தீர்க்க இன்னும் இல்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது. கைக்குழந்தையிலிருந்தே வேர்க்கடலையைப் பக்குவமாகக் கொடுத்து வந்தால் அலர்ஜி வராமலே தடுக்கலாம் என்று 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. தோல் பரிசோதனையில் சுத்தமாக இருந்த குழந்தைகளில், வேர்க்கடலையை ஒதுக்கியவர்களில் 13.7 சதவிகிதத்துக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 1.9. முழுப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்கும் என்பதால் அரைத்துத்தான் கொடுக்கவேண்டும். ஐஜிஇயையே கட்டிப்போடும் ஒமாலிசுமாப் ஊசிக்கு உணவு அலர்ஜிக்காக அமெரிக்கா 2024இல் அனுமதி கொடுத்தது. சோதனையில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 67 சதவிகிதம் பேர் இரண்டு மூன்று வேர்க்கடலை அளவைத் தாங்கினார்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 7 சதவிகிதம். முந்திரிக்கு 41, 3. தெரியாமல் வாயில் பட்டால் உயிர் தப்பலாம். நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். விலையும் நம் சித்தூர்ப் பர்ஸுக்கு எட்டாது.

மருந்து அலர்ஜியின் கதை இதற்கு நேர் எதிர். என் தங்கையின் வீட்டுக்காரருக்கு வாலிபத்தில் பென்சிலின் ஊசி போட்டபோது உடம்பில் சிவந்ததாம். அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி'. ஐம்பது வருஷமாக யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை. மேல்நாடுகளில் பத்தில் ஒருவர் இந்த முத்திரையோடு அலைகிறார். முறையாகப் பரிசோதித்தால் அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அலர்ஜியே இல்லை. முத்திரை விழுந்தவருக்கு விலை கூடிய, வீரியம் அதிகமான ஆன்டிபயாடிக் போகிறது. கிருமிகளும் அதற்குப் பழகிக்கொள்கின்றன. அபாயம் குறைவு என்று கணித்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நேரடியாக மாத்திரையே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. மொத்தம் 382 பேர். மாத்திரை கொடுத்த பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான் அலர்ஜி உறுதியானது.

ஆனால் எல்லா முத்திரையையும் அழித்துவிட முடியாது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெபின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும். தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பரிசோதித்தபோது 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்ததாக 2004இல் எழுதினார்கள். அப்படித் தோல் உரிந்தவருக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது கொலைக்குச் சமம். எந்த முத்திரையை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரிப்பதுதான் வைத்தியம்.

கடைசியாக, அந்த ஆம்பூல். வேர்க்கடலைக் காட்டில் பாம்பு கடித்து வருகிறவர்களுக்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்தே பலருக்குக் கடும் அலர்ஜியைக் கிளப்பும். அதை முன்கூட்டியே தடுக்க எது உதவும் என்று இலங்கையில் 1007 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2011இல் வந்தது. குறைந்த அளவு அட்ரினலின், கடுமையான விளைவுகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவிகிதம் குறைத்தது. ஸ்டீராய்டும், ஏவில் ஜாதியைச் சேர்ந்த புரோமெதசினும் பிரயோஜனப்படவில்லை. வந்துவிட்ட பிறகும் கதை அதேதான். ஏவில் அரிப்பை அடக்கும். அடைக்கிற மூச்சைத் திறக்காது. மூச்சைத் திறப்பது தொடையில் போடும் அட்ரினலின். சில ரூபாய் மருந்து. ஆனால் நம் கிளினிக்குகளில் முதலில் கை போவது ஏவிலுக்கு.

திருமலையில் தினமும் லட்சக்கணக்கில் லட்டு விநியோகமாகிறது. தின்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, ஆகவும் வேண்டாம். நூற்றில் ஒருவர் என்றாலும் லட்சத்தில் ஆயிரம் என்பது கணக்கு. மலையடிவாரத்திலிருந்து சித்தூர் வரை ஒவ்வொரு கிளினிக்கிலும், ஒவ்வொரு ஆம்புலன்ஸிலும் அந்த ஆம்பூல் இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், அதைத் தயங்காமல் எடுக்கிற கை இருக்கவேண்டும்.

போன மாசம் மறுபடி மலைக்குப் போய் வந்தார்கள். குழந்தை லட்டை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தம்பியிடம் கொடுத்தாள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அம்மாவின் கைப்பையில் இரண்டு ஆம்பூல், இரண்டு சிரிஞ்சு, டாக்டர் அளவெழுதிக் கொடுத்த சீட்டு. ஊசி போடுவதை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகியிருக்கிறாள் அம்மா. வேண்டுதல் பாக்கி எதுவும் இல்லை என்கிறாள் என் தங்கை.