ஜோடி கேட்கும் ஊரும் துணை கேட்கும் ஊரும்

அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்கள் பார்க்கிற மக்களுக்கு 'ப்ராம்' தெரிந்திருக்கும். பள்ளி முடிக்கிற வருஷம் நடக்கிற டான்ஸ் பார்ட்டி. பையன் கோட்டு, பொண்ணு கவுன், ஜோடி ஜோடியாகப் போவார்கள். ஜோடி கிடைக்காதவன் பாடு என்ன என்பதுதான் பாதிப் படங்களின் கதையே.

அங்கே இது விளையாட்டு விஷயம் இல்லை. 2010-ல் மிசிசிப்பி மாநிலத்தில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற மாணவி, தன் காதலியான இன்னொரு மாணவியோடு ப்ராமுக்கு வர அனுமதி கேட்டாள். பள்ளி நிர்வாகம் ப்ராமையே ரத்து செய்தது! வழக்கு கோர்ட்டுக்குப் போய், அவளுடைய உரிமை மீறப்பட்டது என்று நீதிபதி சொன்னார். அதே வருஷம் 35,000 டாலர் கொடுத்து சமரசம் ஆனார்கள்.

இதைச் சொன்னதும் நண்பன் சிரித்தான். "நம்ம ஊர்ல ஜோடியா ஆடினா டி.சி.யை கையில குடுத்துருவாங்கடா." வாஸ்தவம்தான். விருதுநகர், சிவகாசிப் பக்கம் நான் பார்த்த ஆண்டு விழாக்களில் பையன்கள் டான்ஸ் தனி, பொண்ணுங்க டான்ஸ் தனி. 2006-ல் விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் ஒன்' வந்தபோது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த ஊர்தான். ஆனால் பள்ளி மேடை என்றால் வேறு சட்டம்.

ஜோடி விதி இல்லாததால் நாம் தப்பித்தோமா? இல்லை. நம்மிடம் இருக்கிற விதிக்குப் பெயர் துணை. 'மாலை நிகழ்ச்சிக்கு மாணவிகள் பெற்றோருடன் மட்டுமே வர வேண்டும்' என்று நோட்டீஸில் கடைசி வரி இருக்கும். பையன்களுக்கு அந்த வரி கிடையாது. நாங்கள் ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து இறங்குவோம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வரி யாரைத் தடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடை வைத்திருக்கிற அப்பாவுக்குக் கஷ்டமில்லை, மகளைக் காரில் கொண்டு வந்து விடுவார். அம்மா பட்டாசு ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிற பொண்ணு என்ன செய்வாள்? (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் ஃபேக்டரியை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) அங்கே பீஸ் ரேட்டுதான். அரை நாள் லீவு போட்டால் அரை நாள் கூலி போச்சு. வேலை முடிந்து வேனில் ஊர் திரும்பி, கையில் ஒட்டின மருந்தைத் தேய்த்துக் கழுவி, உலை வைக்கிற அம்மா மறுபடி பஸ் ஏறி டான்ஸ் பார்க்க வரணுமாம். வாரக்கணக்கில் ப்ராக்டிஸ் செய்துவிட்டு கடைசி நேரத்தில் பேரை வாபஸ் வாங்கின ஒரு பொண்ணை எனக்குத் தெரியும். "உடம்பு சரியில்லை" என்றுதான் மிஸ்ஸிடம் சொன்னாள். காரணம் கிளாஸ் முழுக்கத் தெரியும்.

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேணும், அந்தப் பயம் பொய்யில்லை. 1998-ல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கால் இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அந்தச் சட்டம் சீண்டுகிறவனைத்தான் பிடிக்கச் சொன்னது. ரோட்டில் நடக்கிறவளிடம் 'உன் கூட யார் வந்தது' என்று கேட்கச் சொல்லவில்லை.

கிராமத்துப் பொங்கலில் பாருங்கள். முளைப்பாரியைச் சுற்றி ராத்திரி வரைக்கும் கும்மி அடிப்பார்கள். அதில் ஜோடியும் கிடையாது, ஆளுக்கொரு காவலும் கிடையாது. தெருவே நிற்பதுதான் துணை. முந்நூறு பொண்ணுங்களும் இத்தனை டீச்சரும் இருக்கிற பள்ளிக்கூட மைதானம் மட்டும் எப்படித் துணையில்லாத இடமாகிறது?

சரி, வீடு திரும்புவதுதானே பிரச்சினை? விழாவை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்கு முடிக்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டே இல்லை, வெளிச்சம் இருக்கும்போதே கும்பலாக ஏறிப் போய்விடலாம். சாயங்காலம்தான் நடத்துவேன் என்றால் பள்ளி வேனை எடுங்கள். பட்டாசு ஆபீஸ் வேன் தினமும் ஊர் ஊராகப் போய் அவர்கள் அம்மாக்களை ஏற்றி இறக்குகிறது. வருஷத்தில் ஒரு நாள் மகள்களை இறக்கிவிட ஒரு பள்ளியால் முடியாதா?

அதுவும் முடியாது, விதி விதிதான் என்றால் பையன்களுக்கும் அதே வரியைப் போடுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே. எத்தனை பேர் வருவோம் என்று பார்க்கலாம். சத்தியமாக நான் வர மாட்டேன் :-)